அம்பாசடருக்கு வைத்த பொட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக்கம்பி ஆலை. அதன் வாசலில் நின்று பூவராகவன் செக்யூரிட்டியிடம் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். "அரசப்பன் மவன் இங்கதான் வேல பாக்குறான், கூப்டு" என்பதுதான் அவர் கொடுத்த விலாசம். அறுநூறு பேர் வேலை செய்யும் ஆலையில் யாருடைய அப்பன் அரசப்பன் என்று பீகாரிலிருந்து வந்த செக்யூரிட்டிக்கு எப்படித் தெரியும்? அவன் பொறுமையாக ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு அப்படி யாரும் இல்லை என்றான். சரி, மகன் பெயர் என்ன என்று கேட்டான். "ஏதோ வேதக்காரப் பேரு வெச்சிக்கினு கீறான்" என்று பூவராகவன் கையை வீசினார்.

கேன்டீனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஜெயராஜ் இதையெல்லாம் ஓரமாக நின்று கேட்டார். உடனே முன்னால் வரவில்லை. பதினெட்டு ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரரான பூவராகவன் வெயிலில் நின்று வியர்ப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு போய் எதிரே நின்றார்.

"ஏம்பா, நீ அரசப்பன் மவன்தான? அப்பன் மூஞ்சி அப்படியே கீதே" என்றார் பூவராகவன்.

ஜெயராஜின் சட்டைப் பைக்கு மேல் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் தைத்திருந்தார்கள். பூவராகவனின் பார்வை அந்த எழுத்தின் மேல் போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, எதையும் எடுத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தது.

விஷயம் இதுதான். பூவராகவனின் மகள் தமிழ்செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, திருப்பாச்சூர் கோயிலில். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பழைய கார் என்றால் உயிர். நான் என் அம்பாசடரில்தான் வருவேன் என்று பூவராகவன் போனில் அளந்துவிட்டார். எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. அதன் என்ஜினுக்குப் பொறி கொடுக்க ஆன்லைனில் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்கி, திருவள்ளூரில் ஒரு கடையில் மாட்டியும் ஆயிற்று. மாட்டிய நாளிலிருந்து வண்டி தவளை மாதிரி குதிக்கிறது. மூன்று வாரமாக ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் பழைய வண்டிக்கு டைமிங் வைக்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். அந்த ஆள் அரசப்பன் மகனாக இருந்து தொலைத்தால் பூவராகவன்தான் என்ன செய்வார்.

ஜெயராஜுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். டாக்டர், வக்கீல், சபை போதகர் என்று பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் அவரை ஜெயராஜ் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா அரசப்பன், பூவராகவன் வீட்டு முற்றத்தில் முப்பது வருஷம் மாடு கழுவினார். மாட்டோடு சேர்த்து அந்த அம்பாசடரையும் கழுவினார். ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. மகன் படித்து, வேலைக்குப் போய், கும்மிடிப்பூண்டியில் சொந்தமாக வீடு கட்டி, பேரன் பேத்தியும் பார்த்தாயிற்று. பூவராகவன் வாயில் மட்டும் அவர் இன்னும் அரசப்பன் மவன். பெயர் தெரியாமல் இல்லை. தெரியும், வாய் வராது.

ஜெயராஜ் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு காரணத்துக்காக. அந்த முற்றத்தில், அந்த வாயால், ஜெயராஜ் என்று ஒரு தடவை சொல்ல வைக்க வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது மனைவி விக்டோரியா சிரித்துவிட்டாள். "அந்தாளு கூப்டாதான் உனுக்குப் பேரு வருமா? ஞானஸ்நானத்துலயே வெச்சாங்களே" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று ஜெயராஜ் பையில் ஸ்பேனரை அடுக்கினார்.

சனிக்கிழமை காலை ஊத்துக்கோட்டை தாண்டி பூவராகவன் வீட்டு முன்னால் பைக்கை நிறுத்தினார். பூவராகவன் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. "வந்துட்டியா, வண்டி அதோ" என்று கையைக் காட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி கங்கம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க ஜெயராஜு. ஊட்ல அல்லாரும் சௌக்கியமா? நாஷ்டா துன்னீங்களா?"

"ஆச்சும்மா" என்று ஜெயராஜ் முகம் கொடுக்காமல் பானெட்டைத் தூக்கினார். அவள் கொஞ்ச நேரத்தில் எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து மட்கார்டு ஓரமாக வைத்தாள். "பேப்பர் கப்பு வாங்கியாந்தேனே, அது இல்ல?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. கங்கம்மா உள்ளே போனாள். ஜெயராஜ் அந்தக் காபியைத் தொடவில்லை. இந்த வீட்டுக் காபி யாருக்கு வேண்டும்? ஆடை கட்டி, ஆறி, ஈ விழுந்து அங்கேயே கிடந்தது.

பானெட்டுக்குள் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. எலக்ட்ரானிக் கிட் மோசமான சாமான் இல்லை. பொறிக்காகப் பழைய வண்டியில் இருக்கும் பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு அந்தக் கறுப்பு டப்பியை ஒழுங்காக உட்கார வைத்தால், பிறகு வருஷக்கணக்கில் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். ஆனால் மாட்டியவன் குரங்கு, கிடைத்தது பூமாலை. எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தான். ஸ்பார்க் பிளக்கில் இடைவெளி பழைய அளவிலேயே இருந்தது. டைமிங்கை அவன் தொட்டமாதிரியே தெரியவில்லை. டப்பியை மாட்டிவிட்டால் அது தன் டைமிங்கைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பான். இந்த மாதிரி ஆளுக்கு இந்த மாதிரி ஆள்தான் கிடைப்பான் என்று ஜெயராஜ் நாற்காலிப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

பெயின்டைச் சுரண்டி எர்த்தை இறுக்கினார். நாலு பிளக்கையும் கழற்றி இடைவெளியைக் கூட்டி மாட்டினார். இனி டைமிங்தான் பாக்கி.

டைமிங் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிளக்கில் பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்பதுதான். என்ஜினுக்கு முன்னால் பெல்ட் ஓடும் புல்லியில் சின்னதாக ஒரு வெட்டுக்குறி இருக்கும். அதற்கு எதிரே ஒரு முள். பொறிக்கு ஒரு தடவை மின்னும் டைமிங் லைட்டை அடித்தால் சுற்றுகிற புல்லியில் அந்தக் குறி நிற்கிற மாதிரி தெரியும். குறியும் முள்ளும் சேருகிற வரைக்கும் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினால் தீர்ந்தது. ஒரே ஒரு தொல்லை, அம்பாசடரில் இந்த முள் அடிப்பக்கம் இருக்கும். தரையில் மல்லாந்து படுத்து, கிரீஸைத் துடைத்து, வெட்டுக்குறியைத் தடவிக் கண்டுபிடித்து, அதில் சாக்பீஸ் போட வேண்டும். ஜெயராஜ் எந்த வண்டிக்கும் அப்படித்தான் செய்வார். பிஷப் வண்டிக்குக்கூட வெள்ளைச் சட்டையோடு படுத்திருக்கிறார்.

இங்கே படுக்க மனம் வரவில்லை. அப்பா குந்தி உட்கார்ந்து சாணி அள்ளிய தரை இது. அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தான் அவர் காலுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடப்பதா? செத்தாலும் நடக்காது. மட்கார்டு மேல் சாய்ந்து, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே தலையை விட்டு எட்டிப் பார்த்தார். கிரீஸ் அப்பிய புல்லியின் விளிம்பில் வெளிறிய புள்ளி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. யாரோ ஏற்கெனவே குறி போட்டு வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, அந்தத் திருவள்ளூர்க் குரங்குக்கு இந்த அளவுக்காவது புத்தி இருந்திருக்கிறதே என்று நினைத்தார்.

அவர் லைட்டை மாட்டும்போது கங்கம்மா மறுபடி வந்து நின்றாள்.

"ஜெயராஜு, அந்தச் சக்கரத்துல நான் ஆயுத பூஜைக்கு..."

"நீ இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற?" என்று பூவராகவன் குறுக்கே பாய்ந்தார். "இன்ஜின் வேல நடக்கச் சொல்லோ பொம்பளைக்கு இன்னா பேச்சு? போயி அடுப்பப் பாரு."

"இல்லங்க, ஒரு வார்த்த..."

"அம்மா, இது மிக்ஸி இல்ல" என்றார் ஜெயராஜ், தலையைத் தூக்காமல். "நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்."

பூவராகவன் சிரித்தார். ஜெயராஜும் சிரித்தார். அந்த முற்றத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுக்குத்தான். கங்கம்மா டம்ளரை எடுத்து, ஆறிப்போன காபியை வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

வண்டியை ஸ்டார்ட் செய்து லைட்டை அடித்தார். புள்ளி முள்ளுக்கு எதிரே வருகிற வரைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். என்ஜின் சத்தம் உயர்ந்தது. நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தித்தான் அதைக் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. இரண்டு சுற்று அதிகம் என்று கை சொன்னது. எலக்ட்ரானிக் ஆயிற்றே, பொறி பலமாக விழும், அப்படித்தான் இருக்கும் என்று வாய் சொல்லிக்கொண்டது. வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

இப்போது ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆளை ஏற்றி மேட்டில் ஏற்றினால்தான் டைமிங்கின் யோக்கியதை தெரியும். ஜெயராஜ் டிரைவர் பக்கக் கதவைப் பார்த்தார். பூவராகவன் எழுந்து வந்து சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓட்டுறதுலாம் நான் ஓட்டிக்கிறேன். பரவால்ல, அரசப்பன் மவனுக்குக் கையில வேல கீது."

கேட்டு வாங்க ஜெயராஜுக்கு வெட்கம். ஓட்டிப் பார்க்காமல் விட்டால் தப்பு என்று சொல்ல வேண்டியது அவர் கடமை. சொல்லவில்லை. உனக்குத்தானே நஷ்டம், போ என்று விட்டுவிட்டார். பெயரும் வரவில்லை. "நாளைக்கு நீயும் பைக்குல பின்னாலயே வா, வழில எதுனா ஆச்சின்னா பாத்துக்கலாம்" என்று பூவராகவன் சொன்னபோது, ஆராதனைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவர், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சம்பந்தி முன்னாலாவது அந்த வாயிலிருந்து பெயர் வருகிறதா பார்ப்போம்.

மறுநாள் காலை அம்பாசடரில் ஆறு பேர் ஏறினார்கள். பூவராகவன் ஸ்டியரிங்கில், பட்டுச் சட்டையில். பக்கத்தில் அவர் அண்ணன். பின்னால் கங்கம்மா, தமிழ்செல்வி, இரண்டு அத்தைகள். டிக்கியில் தேங்காய் பழத் தட்டுகள். ஜெயராஜ் பைக்கில் பின்னால் போனார். சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. பூண்டி ஏரிக்கு முன்னால் ரோடு மேடேறத் தொடங்கியதும் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். ஜெயராஜுக்குத் தெரியாத சத்தம் இல்லை. அது நாக்கிங். பொறி சீக்கிரமே விழுந்து பிஸ்டனைத் தலையில் அடிக்கிற சத்தம். ஹாரன் அடித்தார், கையைக் காட்டினார். பூவராகவன் அதைப் பாராட்டு என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் அழுத்தி மிதித்தார்.

மேட்டு உச்சியில் பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. வண்டி ஒரு முறை முக்கிவிட்டு நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் முரண்டு பிடித்தது. பட்டுப் புடவைகள் எல்லாம் ரோட்டோரம் இறங்கி நின்றன. ஷேர் ஆட்டோவில் போனவர்கள் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். பூவராகவனின் போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் கோயிலுக்கு வந்துவிட்டார்கள்.

ஜெயராஜ் யாரையும் பார்க்கவில்லை. ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். நேற்று படுத்திருக்க வேண்டியது. துணியால் புல்லியைத் துடைத்தார். வெளிறிய புள்ளி துணியோடு வந்துவிட்டது. பெயின்டாக இருந்தால் அவ்வளவு சுலபமாக வராது. துணியை மூக்கருகே கொண்டுபோனார். கிரீஸுக்கு நடுவிலும் சந்தன வாசனை தெரிந்தது. அரை விரல் தள்ளி, கிரீஸுக்கு அடியில், உண்மையான வெட்டுக்குறி விரல் நுனியில் தட்டுப்பட்டது.

ஆயுத பூஜைப் பொட்டு. இருபத்தெட்டு வருஷமாக ஆலையில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் பொட்டு வைப்பதைப் பார்த்தவர், பூஜை முடிந்ததும் ஆள் விட்டுத் துடைக்கச் சொன்னவர், இங்கே சந்தனப் பொட்டுக்கு டைமிங் வைத்திருக்கிறார். கங்கம்மா சொல்ல வந்தது அதுதான். பாதி வார்த்தை சொல்லியும்விட்டாள். மீதியைக் கேட்க அவருக்கு அரை நிமிஷம் இல்லாமல் போயிற்று. அவருக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

நிமிர்ந்தபோது கங்கம்மா வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவர் கையில் இருந்த மஞ்சள் பூத்த துணியைப் பார்த்தாள்.

"அதத்தான் சொல்ல வந்தேன் ஜெயராஜு" என்றாள், மெதுவாக, அவர் காதுக்கு மட்டும்.

அவர் துணியைச் சுருட்டிக்கொண்டார். ரேடியேட்டர் ஆறியதும் ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். வெட்டுக்குறியில் சாக்பீஸ் போட்டு டைமிங்கைத் திருப்பி வைத்தார். தளர்த்திய இரண்டு சுற்றையும் திரும்ப முறுக்கினார். பழக்கப்பட்ட கை, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே பிடியில் கிளம்பியது.

"இன்னா ஆச்சு? அந்த டப்பிதான?" என்றார் பூவராகவன். போன் காதில் இருந்தது. மறுமுனையில் சம்பந்தியாகப் போகிறவர். அண்ணனும் அத்தைகளும் சுற்றி நின்றார்கள்.

டப்பி மேல் தப்பில்லை, என் மேல்தான், அம்மா சொல்ல வந்ததை நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவிடவில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் சொன்னால் என்ன வரும் என்றும் ஜெயராஜுக்குத் தெரியும். அதானே பார்த்தேன், அரசப்பன் மவன் வேலை என்று ரோட்டில் வைத்து வரும். துணியை விரித்துக் காட்டினார்.

"புல்லியில யாரோ பொட்டு வெச்சிருக்காங்க. அதுல குறி தப்பாப் போச்சு."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பூவராகவன் திரும்பிப் பார்த்தார். யாரோ யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"உனுக்கு எத்தினி தபா சொல்லிக்கிறேன்? கண்ட எடத்துல பொட்டு வெக்காதன்னு? மவ கல்யாணமே நடுரோட்டுல நின்னுருக்கும் உன்னால. பேஜாரு புடிச்சவளே." பிறகு போனில் குரலை மாற்றினார். "ஒண்ணும் இல்ல சம்மந்தி, சின்ன ரிப்பேரு. நம்ம ஜெயராஜ் சாரு கூடவே வந்துக்கினு கீறாரு. பெரிய கைகாரரு. ஊட்டுப் பொம்பளைங்க பண்ற வேலைக்கு அவரு இன்னா பண்ணுவாரு பாவம்."

ஜெயராஜ் சாரு. முழுசாக, சாரோடு சேர்த்து, அத்தனை பேர் முன்னால். ஐம்பத்து மூன்று வருஷம் காத்திருந்தது காதில் வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் ஒன்றுமே இனிக்கவில்லை.

நான் சொல்ல வந்தேன், நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள் என்று கங்கம்மா சொல்லியிருக்கலாம். அவள் ஜெயராஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அப்புறம் அவள் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோயிலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்த்ததைவிட அதிக நேரம் காரைப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, கறுப்பு டப்பியைத் தொட்டுப் பார்த்து, ஜெயராஜின் கையைக் குலுக்கினார். பூவராகவன் அன்றைக்கு மட்டும் எட்டு தடவை ஜெயராஜ் சார் என்றார். முதல் இரண்டு தடவையை ஜெயராஜ் எண்ணினார். பிறகு எண்ணாமல் இருக்கப் பார்த்தும் எண்ணிக்கை தானாக ஓடியது. எண்ண எண்ண வேறொரு கணக்கும் கூடவே வந்தது. நேற்று பைக்கை நிறுத்தியதும், வாங்க ஜெயராஜு. லைட்டை மாட்டும்போது, ஜெயராஜு அந்தச் சக்கரத்துல. இன்று ரோட்டில், சொல்ல வந்தேன் ஜெயராஜு. அவர் கேட்க ஆசைப்பட்ட அதே முற்றத்தில், முதல் வார்த்தையாகவே அது வந்திருந்தது. கேட்க ஆசைப்பட்ட வாய் வேறு என்பதால் அவருக்குக் காது கேட்கவில்லை.

பிரசாதம் கொடுக்கும் நேரம். கங்கம்மா புளியோதரையைத் தொன்னையில் வைத்து எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்துக்கொண்டு வந்தாள். ஜெயராஜ் வேப்பமரத்தடியில் பைக்குக்குப் பக்கத்தில் நின்றார். வந்தால் சொல்லிவிட வேண்டும், தப்பு என்னுதுதாம்மா என்று மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் பத்தடி தள்ளி நின்றாள். அவர் பக்கம் பார்த்தாள். தொன்னையை மகளிடம் நீட்டினாள்.

"தமிழு, இத அந்த மெக்கானிக்காண்ட குடுத்துட்டு வா."